மஞ்சக்குப்பத்தில் ஓர் ஒப்பந்தப்புள்ளி உதவி அலுவலகம்: சிறு ஒப்பந்ததாரரின் மதிப்புரை

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அரசு ஒப்பந்தப்புள்ளிகளுக்கும் ஆர்.எஃப்.பி. எனப்படும் முன்மொழிவுக் கோரிக்கைகளுக்கும் ஆவணங்களைத் தயாரித்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்று இயங்கிவருகிறது. ஆர்.ஓ. குடிநீர் இயந்திரங்களைப் பொருத்தி, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் அவற்றைக் கவனித்துவரும் எங்கள் நிறுவனம் சில ஆண்டுகளாக அவர்களுடைய சேவையைப் பயன்படுத்துகிறது. அலுவலகத்தின் பெயரைச் சொல்லி விளம்பரம் தேடித்தர நான் விரும்பவில்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் இத்தகைய அலுவலகங்கள் வேறு பலவும் உள்ளன. அவற்றில் எதற்குப் பணம் கொடுப்பது நியாயம், எதை ஒப்பந்ததாரர் தம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சிறு தொழில் செய்வோர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அலுவலகத்தின் உண்மையான பயன் ஆவணங்களைத் தளத்தில் ஏற்றிக் கொடுப்பதில் இல்லை. அதைக் கணினி தெரிந்த எவரும் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். நூறு பக்கத்துக்கு மேல் நீளும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தை வரிவரியாகப் படித்து, இதில் நீங்கள் கலந்துகொள்ளலாமா கூடாதா என்று ஆதாரத்துடன் சொல்வதுதான் அவர்கள் செய்யும் பெரிய வேலை. அந்த வேலைக்காக அவர்களை மனதார பரிந்துரைக்கிறேன்.

ஆவணத்தை அனுப்பிய மறுநாள், தமிழில் இரண்டு பக்கச் சுருக்கத் தாள் ஒன்றைத் தருகிறார்கள். கடைசி நாள், ஒப்பந்ததாரர்கள் தங்கள் ஐயங்களைத் துறையிடம் கேட்கும் முன்கூட்டத்தின் நாள், இ.எம்.டி. என்ற முன்வைப்புத் தொகை, தகுதி நிபந்தனைகள், தாமதத்துக்கான அபராதம், பணம் தரப்படும் முறை ஆகியவை ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் எந்தப் பிரிவில் இருக்கின்றன என்ற குறிப்போடு அதில் இடம்பெறுகின்றன. பக்க எண் இருப்பதால் அவர்கள் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இல்லை. நாமே திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

தகுதி நிபந்தனைகளைச் சரிபார்ப்பதில் அவர்கள் காட்டும் கண்டிப்பைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் பணி ஒப்பந்தங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலைப் பின்பற்றியே பல துறைகள் இன்றும் அனுபவத் தகுதியை வகுக்கின்றன. கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி வருவாய் மதிப்பீட்டுத் தொகையில் 30 சதவீதமாவது இருக்க வேண்டும். அதோடு, ஒத்த தன்மையுள்ள பணிகள் மூன்று தலா 40 சதவீத மதிப்பிலோ, இரண்டு தலா 50 சதவீத மதிப்பிலோ, ஒன்று 80 சதவீத மதிப்பிலோ முடிக்கப்பட்டிருக்க வேண்டும். 40 இலட்சம் ரூபாய் மதிப்பீட்டுள்ள வேலை என்றால் சராசரி வருவாய் 12 இலட்சம் போதும். அதைப் பார்த்துப் பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் 16 இலட்சத்தில் மூன்று, 20 இலட்சத்தில் இரண்டு, 32 இலட்சத்தில் ஒன்று என்ற மூன்று வழிகளில் ஏதேனும் ஒன்றையாவது பணி முடிவுச் சான்றுகளால் நிறுவ முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. பல சிறு வேலைகளைக் கூட்டி 40 இலட்சம் காட்டுவதால் இந்த நிபந்தனை நிறைவேறாது.

இந்த அலுவலகத்தை நடத்துபவர், பொதுப்பணித் துறை ஒப்பந்ததாரர் ஒருவரிடம் நெடுங்காலம் கணக்கராக இருந்தவர். நாங்கள் கொண்டுபோன ஒரு பெரிய ஆர்.எஃப்.பி.யைப் படித்துவிட்டு, “அண்ணே, இது நமக்கு வேண்டாம். ஒத்த பணின்னு அவங்க கேக்குறது மணிக்கு ரெண்டாயிரம் லிட்டர் பிளான்ட். நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் ஐநூறு லிட்டர்” என்று சொல்லி, அந்தப் பிரிவைத் திறந்து காட்டினார். அதை எடுத்திருந்தால் அவருக்கு முழுக் கட்டணமும் கிடைத்திருக்கும். படித்துப் பார்த்ததற்கான சிறு தொகையை மட்டும் பெற்றுக்கொண்டு அனுப்பினார். தொடர்ந்து அவரிடமே போவதற்கு இந்த நேர்மைதான் முதல் காரணம்.

கடலூரில் தொழில் செய்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புதுச்சேரி நம்மிடமிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. காலையில் இங்கு ஒரு வேலை, மாலையில் அங்கு ஒரு வேலை என்று ஆட்களை அனுப்புகிறோம். ஆனால் ஒப்பந்தப்புள்ளி விதிகளைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறு உலகங்கள். கடலூர் மாவட்டத்தில் மாநில அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கும், அதன்கீழ் 2000ஆம் ஆண்டில் வந்த விதிகளுக்கும் கட்டுப்பட்டவை. அந்த விதிகளின்படி இரண்டு கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்குக் குறைந்தது 30 நாளும் அவகாசம் தரப்பட வேண்டும். குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால் அங்கு 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் பேசப்படுகின்றன. அவற்றின்படி விளம்பரப்படுத்தப்பட்ட ஒப்பந்தப்புள்ளிக்குப் பொதுவாக மூன்று வாரம், இ.எம்.டி. மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் வரை. இரு அரசுகளுக்கும் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய தளங்களே இருந்தாலும் அவை தனித்தனித் தளங்கள். தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். ஜிப்மர், புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய நிறுவனங்களின் தேவைகளுக்கு மத்திய கொள்முதல் தளத்தையும், 2016இல் தொடங்கப்பட்ட ஜெம் என்ற அரசு மின்சந்தையையும் பார்க்க வேண்டும். ஜெம்மில் பொதுவான நிபந்தனைகளோடு, வாங்கும் அலுவலகம் தன் பங்குக்குச் சேர்க்கும் கூடுதல் நிபந்தனைகள் தனிக் கோப்பாக இணைக்கப்பட்டிருக்கும். விலையையே மாற்றிவிடக்கூடிய விஷயங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. இந்த நான்கு இடங்களின் வேறுபாட்டையும் விரல்நுனியில் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் அதிகம் இல்லை. இவர்களிடம் அந்த அறிவு இருக்கிறது.

நெய்வேலி விஷயத்திலும் அவர்களால் எங்களுக்கு நேரடிப் பயன் கிடைத்தது. என்.எல்.சி. இந்தியா நிறுவனம் மத்தியப் பொதுத்துறையைச் சேர்ந்தது என்பதால், குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை அதற்குப் பொருந்தும். மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்பது இப்போதைய இலக்கு. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 சதவீதமும் பெண் தொழில்முனைவோருக்கு 3 சதவீதமும் உண்டு. ஒப்பந்தப்புள்ளிப் படிவம் இலவசம், இ.எம்.டி. கட்ட வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சலுகை பொருளைத் தாமே உற்பத்தி செய்பவருக்கும் சேவையைத் தாமே வழங்குபவருக்கும் உரியது. வாங்கி விற்கும் வணிகருக்கு இல்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவாகிய உத்யம் சான்றில் எந்தத் தொழில் குறியீட்டின்கீழ் பதிவாகியிருக்கிறோம் என்பது இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது. எங்கள் சான்றைப் பார்த்தவுடன், இயந்திரப் பராமரிப்பு என்ற சேவைக் குறியீட்டையும் அதில் சேர்த்துக்கொள்ளும்படி சொன்னவர்கள் இவர்கள்தான். உத்யம் பதிவுக்கு அரசு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்பதையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள். இச்சலுகை மாநில அரசின் ஒவ்வோர் ஒப்பந்தப்புள்ளிக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணி இ.எம்.டி. கட்டாமல் விடுவது ஆபத்து. அந்தந்த ஆவணத்தில் விலக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

டிஜிட்டல் கையெழுத்தை அவர்கள் கையாளும் முறை எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது. ஒப்பந்தப்புள்ளித் தளங்களில் நுழைவதற்கும் விலையைப் பூட்டி அனுப்புவதற்கும் மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் சான்று வேண்டும். இரண்டாம் வகுப்புச் சான்று வழங்குவது 2021 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. கையெழுத்துக்கு ஒன்று, மறையாக்கத்துக்கு ஒன்று என இரண்டு சான்றுகளும் அந்தச் சிறிய யு.எஸ்.பி. டோக்கனுக்குள் இருக்கும். உதவி அலுவலகங்கள் பலவற்றில் மேசை இழுப்பறையைத் திறந்தால் வாடிக்கையாளர்களின் டோக்கன்கள், கடவு எண் எழுதிய சீட்டோடு, கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒப்பந்ததாரர்களும் அலைச்சல் மிச்சம் என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இது மிகவும் தவறான பழக்கம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, சான்றுக்கு உரியவரே தம் தனிச்சாவியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துக் காக்க வேண்டும் என்கிறது. அந்த டோக்கனால் நம் பெயரில் எந்த விலையையும் அனுப்பலாம். பிறகு அது என் கையெழுத்து அல்ல என்று மறுப்பது எளிதன்று. மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் டோக்கனை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. உரிமையாளரோ அவரிடமிருந்து அதிகாரம் பெற்றவரோ நேரில் வந்து கடவு எண்ணை இட்டால்தான் கோப்புகளை ஏற்றுகிறார்கள். வேலை நாளில் ஒரு மணி நேரம் அங்கே உட்கார வேண்டியிருக்கிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். நான் அதை நிறையாகவே எண்ணுகிறேன்.

தளத்தில் ஏற்றும் வேலையில் அவர்களிடம் குறை காண இடமில்லை. விலைப் பட்டியல் கோப்பின் பெயரை மாற்றக் கூடாது, அதில் நிறமிட்ட கட்டங்களைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது, சான்றுகளைத் தளம் கேட்கும் அளவில் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து சிறிய பி.டி.எஃப். ஆக வைக்க வேண்டும், பட்டயக் கணக்காளர் தரும் வருவாய்ச் சான்றில் யுடின் எனப்படும் தனி அடையாள எண் இருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் வழக்கமாகவே கடைப்பிடிக்கிறார்கள். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு ‘ஃப்ரீஸ்’ என்ற கடைசிப் பொத்தானை அழுத்தினால்தான் ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கப்பட்டதாகக் கணக்காகும். அதன் பின் வரும் ஒப்புகைச் சீட்டை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நம்மை எழுந்திருக்க விடுகிறார்கள். தளத்தின் கடிகாரமே இறுதி என்பதால், கடைசி நாளுக்கு முந்தைய மாலைக்குப் பிறகு புதிய வேலையை ஏற்பதில்லை. கடலூருக்கு இந்தக் கட்டுப்பாடு மிகவும் தேவை. 2011இன் தானே புயலையும், 2015இன் பெருமழையையும், 2024 நவம்பர் கடைசி நாளில் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலையும் பார்த்த நமக்கு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்சாரமும் இணையமும் எந்த நாளிலும் நின்றுபோகலாம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதன்மையான குறை தொழில்நுட்ப முன்மொழிவில் இருக்கிறது. விலை ஒன்றை மட்டும் பார்த்து எல்1 என்ற மிகக் குறைந்த விலைக்காரருக்கு வேலையைக் கொடுக்கும் ஒப்பந்தப்புள்ளியில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஆர்.எஃப்.பி. முறையில் வேலையை எப்படிச் செய்வீர்கள், யாரைக் கொண்டு செய்வீர்கள், பழுது என்று சொன்னால் எத்தனை மணி நேரத்தில் வருவீர்கள் என்று கேட்டு மதிப்பெண் தருகிறார்கள். மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிவுறுத்தல்களுக்குப் பிறகு, ஆலோசனைப் பணி அல்லாத சேவைகளிலும் குறிப்பிட்ட சூழல்களில் தரத்துக்கு அதிகபட்சம் 30 சதவீத எடை தரலாம் என்றாகியிருக்கிறது. அந்த 30 எவ்வளவு கனமானது என்பதை ஒரு கணக்கால் சொல்லலாம். மீதி 70 விலைக்கு; குறைந்த விலைக்காரருக்கு அது முழுதும் கிடைக்கும், மற்றவருக்கு விலை விகிதப்படி குறையும். ஒருவர் 10 இலட்சம் ரூபாய் விலை சொல்லித் தொழில்நுட்பத்தில் 70 மதிப்பெண் பெறுகிறார், இன்னொருவர் 10.5 இலட்சம் சொல்லி 95 பெறுகிறார். முன்னவருக்குத் தரத்தில் 21, விலையில் 70, ஆக 91. பின்னவருக்குத் தரத்தில் 28.5, விலையில் 66.67, ஆக 95.17. ஐம்பதாயிரம் ரூபாய் அதிகம் கேட்டவருக்கே வேலை போகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் மஞ்சக்குப்பம் அலுவலகம் எழுதித் தரும் முன்மொழிவு, எல்லா வேலைக்கும் பொருந்தும்படி முன்பே எழுதி வைத்த பக்கங்களின் தொகுப்பாக இருக்கிறது. எங்களுக்குத் தந்த முதல் வரைவில், அனுபவம் வாய்ந்த பணியாளர்கள் உயர்ந்த தரத்தில் உரிய நேரத்தில் பணியாற்றுவார்கள் என்ற வகையான வாக்கியங்களே நிறைந்திருந்தன. மதிப்பீட்டுக் குழு அவற்றை எல்லோருடைய முன்மொழிவிலும் படித்திருக்கும். நான் அவற்றை நீக்கிவிட்டு எங்கள் மெக்கானிக்குகளோடு உட்கார்ந்து எழுதினேன். கடலோரத்தில் நிலத்தடி நீரின் உப்பு கோடையில் ஏறுவதால் ஒவ்வோர் இயந்திரத்திலும் உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் மாதந்தோறும் அளந்து பதிவேட்டில் எழுதுவோம் என்றும், ஐ.எஸ். 10500 தரம் கரைந்த உப்புகளுக்கு ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பதால் வெளிவரும் நீர் அதை நெருங்குமுன் உப்பைப் பிரிக்கும் மெம்பரேனை மாற்றிவிடுவோம் என்றும், எந்தெந்த உதிரிப் பாகங்களைக் கடலூரிலேயே இருப்பில் வைத்திருக்கிறோம், அழைப்பு வந்தால் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து யார் கிளம்புவார் என்றும் எழுதினோம். இதை வேலை தெரிந்தவரால்தான் எழுத முடியும். அந்த அலுவலகம் தன் வார்ப்பைத் திணிக்காமல், ஒப்பந்ததாரரிடம் கேள்வி கேட்டு விடைகளை வாங்கி எழுதினால் அதன் சேவை பல மடங்கு உயரும். முன்கூட்டத்துக்கான ஐயங்களைப் பிரிவு எண்ணோடு எழுதித் தருவதில் காட்டும் அதே கூர்மை அவர்களிடம் இருக்கத்தான் செய்கிறது. அதை இங்கே பயன்படுத்துவதில்லை என்பதே என் வருத்தம்.

இரண்டாவது குறை நம்பிக்கை சார்ந்தது. சிறிய ஊரில் ஒரே ஒப்பந்தப்புள்ளிக்குப் போட்டியிடும் இருவர் ஒரே அலுவலகத்துக்கு வருவது இயல்பு. ஒருவருக்குத்தான் செய்வோம், பிறகு வருபவரிடம் காரணத்தைச் சொல்லிவிடுவோம் என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள்; எனக்குத் தெரிந்தவரை அப்படியே நடந்தும்கொள்கிறார்கள். ஆனால் இது எழுத்தில் இருக்க வேண்டும். போட்டியாளர்கள் இருவரின் விலை ஒரே கணினியிலிருந்து போனால் கூட்டுச் சேர்ந்து விலை வைத்ததாக ஐயம் எழக்கூடும். போட்டிச் சட்டம் 2002 அதைத் தடை செய்கிறது. விலைப் பட்டியலை நான் என் அலுவலகத்திலேயே நிரப்பி முடித்த பிறகே அங்கே கொண்டுபோகிறேன். மற்றவர்களும் அப்படிச் செய்வது நல்லது.

விலையை நிர்ணயிப்பதில் அவர்கள் தலையிடுவதில்லை, அது சரியே. கேட்டால் பிடித்தங்களின் பட்டியலை மட்டும் தருகிறார்கள். இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம், தனிநபர் உரிமையாளருக்கு வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம், கட்டுமானப் பணியானால் தொழிலாளர் நல வரி 1 சதவீதம், செயல்பாட்டுப் பிணைத்தொகை எவ்வளவு காலம் அரசிடம் இருக்கும் என்பன அதில் இருக்கும். கையிருப்புப் பணம் குறைவாக உள்ள சிறு நிறுவனத்துக்கு இந்தப் பட்டியல் விலைப் புள்ளியைவிட முக்கியம்.

ஒப்பந்தப்புள்ளியைத் திறந்த பிறகு அவர்களிடம் எந்த உதவியும் கிடைப்பதில்லை. தகுதிச் சான்றுகள் அடங்கிய நம் தொழில்நுட்ப உறை நிராகரிக்கப்பட்டால் ஏன் என்று கேட்டு எழுதுவதும், மாநிலச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ் முடிவு கிடைத்த பத்து நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்வதும் தங்கள் வேலையன்று என்கிறார்கள். வேலை முடிந்த பிறகு பணம் தாமதமானால், குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்கு மேற்பட்ட தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். அதற்கான அரசு இணையதளத்தில் மனுக் கொடுக்கலாம். அதற்கும் வேறு ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பத்து நாள் என்பது மிகக் குறுகிய காலம்; யாரிடம் போவது என்று விசாரிப்பதற்குள்ளேயே அது கரைந்துவிடுகிறது. நம்பகமான வழக்கறிஞர் ஒருவரின் பெயரையாவது சொல்லி அனுப்பும் ஏற்பாட்டை அவர்கள் செய்ய வேண்டும்.

கட்டணம் நியாயமானது. படித்துச் சுருக்கம் தருவதற்கு 750 ரூபாய். ஒற்றை உறை ஒப்பந்தப்புள்ளியை முழுமையாகத் தயாரிக்க 2,000 ரூபாய். தொழில்நுட்பத்தையும் விலையையும் தனித்தனியே தரும் இரு உறை முறைக்கு 4,500 ரூபாய். முதல் சுருக்கத்துக்குக் கட்டியது இதில் கழிந்துவிடும். ரசீது தருகிறார்கள். வேலை கிடைத்தால் இத்தனை சதவீதம் என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்கும் எந்த அலுவலகத்திடமிருந்தும் விலகியே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒப்பந்தத் தொகையில் பங்கு கேட்பவருக்கு உங்கள் விலை எவ்வளவு என்பதில் தனி அக்கறை வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் கூட்டம் நெருக்குவதால் புதிய வாடிக்கையாளர்களை ஏற்பது கடினம் என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். முதல் முறை போகிறவர்கள் கடைசி நாளுக்குப் பத்து நாளாவது இருக்கும்போது போகலாம். பான் அட்டை, ஜி.எஸ்.டி. பதிவு, உத்யம் சான்று, மூன்றாண்டு வருமான வரிக் கணக்குகளும் தணிக்கை அறிக்கைகளும், பணி ஆணைகள், தொகையும் தேதியும் குறிப்பிட்ட பணி முடிவுச் சான்றுகள், தனியார் நிறுவனங்களுக்குச் செய்த வேலையானால் வரிப் பிடித்தம் தெரியும் 26ஏஎஸ் படிவம் ஆகியவற்றின் அசலையும் நகலையும் எடுத்துச் செல்ல வேண்டும். அசலைப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிடுகிறார்கள்.